முப்பது பட்டாம்பூச்சிகளும் ஒரு படுத்த யானையும்

தேர்வு நெருங்கினால் முதலில் காணாமல் போவது ஓவிய பீரியட்தான். கணக்கு டீச்சர் கதவோரம் வந்து நின்று, "இன்னைக்கு உங்க பீரியட் கிடைக்குமா? ரெண்டு கணக்கு பாக்கி நிக்குது" என்பார். பாட்டு, ஓவியம், கைவேலை, கம்ப்யூட்டர் என்று தொடக்கப் பள்ளி டைம்டேபிளில் வாரத்துக்கு ஒரே ஒரு கட்டம் கிடைக்கிற வகுப்புகளுக்கெல்லாம் இதே கதிதான். ஓவியம் பாக்கி நிற்கிறது என்று சொல்லி யாரும் கணக்கு பீரியடைக் கடன் வாங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அந்த ஒற்றைக் கட்டத்தைக் காப்பாற்ற நாங்கள் வழக்கமாக ஒரு வாதத்தைக் கையில் எடுப்போம். பாட்டு கற்றால் கணக்கு வரும், படம் வரைந்தால் மூளை வளரும், கோடிங் படித்தால் தர்க்க அறிவு கூடும். பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னால் தலைகள் ஆடும். எனக்கு மட்டும் இதைச் சொல்ல வாய் வருவதில்லை. முதல் காரணம், அதில் பாதிக்கு ஆதாரம் மெலிசு.

மொசார்ட் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1993-இல் 'நேச்சர்' இதழில் ஒரு சின்னக் கட்டுரை வந்தது. மொசார்ட்டின் இரட்டைப் பியானோ இசையைப் பத்து நிமிடம் கேட்டவர்கள், உருவங்களை மனதில் மடித்துப் பார்க்கிற மாதிரியான ஒரு சோதனையில் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். சோதிக்கப்பட்டவர்கள் கல்லூரி மாணவர்கள், மொத்தமே 36 பேர். அந்த முன்னேற்றமும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கரைந்துபோனது. இதிலிருந்து 'குழந்தைக்கு மொசார்ட் போட்டால் அறிவாளி ஆகும்' என்ற இடத்துக்கு உலகம் எப்படித் தாவியது என்பதே ஒரு தனி ஆராய்ச்சி. 1998-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு கொடுக்க பட்ஜெட்டில் பணம் கேட்டார்! கட்டுரையில் குழந்தை என்று ஒருவர்கூட இல்லை.

நிதானமாகச் செய்த ஆய்வுகளும் உண்டு. எல்லன் வின்னர், லோயிஸ் ஹெட்லண்ட் என்ற இருவர் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2000-இல் அலசினார்கள். நாடகம் நடிக்க வைத்தால் குழந்தைகளின் மொழித் திறன் வளர்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் கிடைத்தது. இசைக்கும், உருவங்களை மனதில் திருப்பிப் பார்க்கிற இட வடிவ அறிவுக்கும் ஓரளவு தொடர்பு தெரிந்தது. ஆனால் கலை வகுப்புகள் அதிகம் இருப்பதாலேயே மொழிப் பாடத்திலும் கணக்கிலும் மதிப்பெண் ஏறும் என்று சொல்ல ஆதாரம் இல்லை என்றார்கள். கலைக்கு விரோதிகள் அல்ல, கலைக் கல்விக்காகவே உழைத்தவர்கள். அதனால் அவர்கள் மேல் சிலருக்கு வந்த கோபமும் அதிகம். 2004-இல் கிளென் ஷெல்லன்பெர்க் என்ற உளவியலாளர் 144 ஆறு வயதுக் குழந்தைகளை நாலு குழுவாகப் பிரித்து, கீபோர்டு, வாய்ப்பாட்டு, நாடகம் என்று மூன்று குழுக்களுக்கு வகுப்பு நடத்தி ஒரு குழுவைச் சும்மா விட்டுப் பார்த்தார். இசை கற்ற இரண்டு குழுக்களுக்கும் நுண்ணறிவு மதிப்பெண் மற்றவர்களைவிடச் சில புள்ளிகள் கூடியது. எனக்கு அதைவிட ருசியாக இருந்தது நாடகக் குழுவின் சேதி. நுண்ணறிவில் சும்மா விட்ட குழுவைவிடப் பெரிதாக ஒன்றும் கூடவில்லை, ஆனால் மற்றவர்களோடு பழகும் விதத்தில் அந்தப் பிள்ளைகள் தேறியிருந்தார்கள். நாடகம் செய்தால் நாடகம் தருவது கிடைக்கிறது. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியம். கணக்குக்கு உதவுகிறது என்று சொல்லி ஓவியத்துக்கு இடம் கேட்டால், கணக்குக்கு உதவுகிற வேறொன்று வந்தவுடன் எழுந்து இடம் கொடுக்க வேண்டும். எதற்கு இந்த வம்பு?

சரி, அப்படியென்றால் இந்த வகுப்புகள் எதற்கு? தொடக்கப் பள்ளியில் ஒரு குழந்தையின் நாளைக் கூட இருந்து பாருங்கள். எந்தப் பக்கம் திறப்பது, எந்தக் கலர் பேனாவில் அடிக்கோடிடுவது, எப்போது தண்ணீர் குடிப்பது என்று எல்லாவற்றையும் வேறு யாரோ தீர்மானித்து வைத்திருக்கிறார்கள். கேள்வியும் அவர்களுடையது, விடையும் அவர்களுடையது. குழந்தையே ஒன்றைத் தீர்மானித்து, அதன் விளைவைக் கையில் வைத்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் மாற்றிச் செய்யக்கூடிய இடம் அந்த ஒற்றைக் கட்டத்தில்தான் இருக்கிறது. இருக்க முடியும் என்று சொல்வதே சரி. ஏனென்றால் அதையும் பிடுங்கிக்கொள்ள ஆயிரம் வழிகள் உண்டு.

எந்தப் பள்ளிக்குப் போனாலும் வராந்தா போர்டில் கைவேலைகள் ஒட்டியிருக்கும். ஒரே அளவில் முப்பது பட்டாம்பூச்சிகள். ஒரே மஞ்சள், ஒரே இடத்தில் கறுப்புப் பொட்டு. றெக்கையை டீச்சர் முந்தின நாள் இரவே வெட்டி வைத்திருப்பார், குழந்தை பசை தடவி ஒட்டியிருக்கும். எங்கே ஒட்டுவது என்பதற்கும் பென்சிலில் குறி போட்டிருக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் போர்டில் குழந்தை எடுத்த முடிவு என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் காட்ட முடியாது. விரல்களுக்குக் கொஞ்சம் வேலை கிடைத்தது, அதையும் குறை சொல்ல வேண்டாம். அதை ஓவிய வகுப்பு என்று அழைக்கத்தான் தயக்கமாக இருக்கிறது.

களிமண்ணைக் கொடுத்துப் பாருங்கள், காட்சி மாறும். யானை செய்யச் சொன்னால் சின்னப் பிள்ளைகள் உடம்பை நல்ல பெரிய உருண்டையாகப் பிடிப்பார்கள், கால்களைப் பென்சில் மாதிரி உருட்டி ஒட்டுவார்கள். நிறுத்தியதும் நாலு காலும் நாலு பக்கம் வளைந்து யானை மெதுவாக உட்கார்ந்துவிடும். வகுப்பே சிரிக்கும். அப்புறம்தான் வேடிக்கை. ஒருத்தி கால்களைப் பிய்த்துவிட்டுத் தடியாக நாலு தூண் செய்தாள். பக்கத்தில் இருந்தவன் வயிற்றுக்கு அடியில் ஒரு களிமண் கட்டியை முட்டுக் கொடுத்துவிட்டு, "இது பாறை மிஸ், யானை பாறை மேல ஏறுது" என்றான். இன்னொருவன் கொஞ்ச நேரம் யானையையே முறைத்துப் பார்த்தான். பிறகு அதை ஒருக்களித்துப் படுக்க வைத்து, காதை இழுத்துக் கண் மேல் மூடி, "தூங்குது" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டான். எடைக்கும் தாங்கலுக்குமான ஒரே பிரச்சினைக்கு மூன்று விடைகள். மூன்றையும் நான் சொல்லித்தரவில்லை.

ஆனால் எதையுமே சொல்லித்தரக் கூடாது என்பது என் கட்சி இல்லை. "உங்க இஷ்டத்துக்கு எதையாவது வரையுங்க" என்று பேப்பரைக் கொடுத்துவிட்டு நோட்டுத் திருத்த உட்காருவதும் ஒரு வகையில் கைகழுவல்தான். அடுத்த வாரம் வந்து பார்த்தால் பாதி யானைகளுக்குத் தும்பிக்கை கீழே கிடந்தது. சும்மா அழுத்தி ஒட்டியிருந்தார்கள். களிமண் காயும்போது சுருங்கும், ஒட்டின இடம் விட்டுப்போகும். அந்த நேரத்தில்தான் சொன்னேன்: ஒட்டப் போகிற இரண்டு பக்கத்தையும் குச்சியால் கீறிவிட வேண்டும், தண்ணீரில் கரைத்த களிமண் குழம்பைத் தடவ வேண்டும், அதன் பிறகு அழுத்தி, விளிம்பை விரலால் இழுத்து மூட வேண்டும். இதையே முதல் நாள் சொல்லியிருந்தால் காதில் ஏறியிருக்காது. தும்பிக்கை விழுந்த பிறகு ஒவ்வொரு வார்த்தையும் ஏறியது. நுட்பத்தை ஒளித்து வைக்கக் கூடாது. அதைக் கொடுக்க ஒரு நேரம் இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த நேரம் வயதைப் பொறுத்தும் மாறும். விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக் கல்வியாளர் குழந்தைகளின் படங்களை வயது வாரியாகப் பார்த்து 1947-இல் எழுதினார். ஏழெட்டு வயதில் தாளின் அடியில் ஒரு தரைக்கோடு வரும், எல்லாமே அதன் மேல் வரிசையாக நிற்கும். வானம் தாளின் உச்சியில் ஒரு நீலப் பட்டையாக இருக்கும், நடுவில் வெள்ளை. வீட்டை வரைந்தால் சுவர் வழியாகவே உள்ளே இருக்கிற கட்டிலும் நாற்காலியும் தெரியும். இதையெல்லாம் தப்பு என்று திருத்துகிற பெரியவர்கள் நிறைய உண்டு. வானம் தரை வரைக்கும் வரணும் என்று கலரைப் பிடுங்கி அடித்தே காட்டுவார்கள். அந்தப் பிள்ளைக்கு வானம் மேலே இருக்கிறது, தரை கீழே இருக்கிறது, நடுவில் இருப்பது காற்று. அதன் கணக்கில் ஒரு குறையும் இல்லை.

ஒன்பது, பத்து வயதில் கதை மாறும். அதுவரை சுவரில்கூட வரைந்த பிள்ளை திடீரென்று "எனக்கு வரைய வராது" என்று சொல்ல ஆரம்பிக்கும். கண் வளர்ந்துவிடுகிறது, கை பின்தங்கி நிற்கிறது. வரைந்தது நிஜம் மாதிரி இல்லை என்பது அதற்கே தெரிகிறது. பெரும்பாலான மனிதர்கள் அந்த வயதில்தான் வரைவதை விடுகிறார்கள். அங்கே போய் "உனக்குத் தோன்றியதை வரை, எல்லாமே அழகுதான்" என்றால் எரிச்சல்தான் வரும். இப்போது அவர்களுக்கு நுட்பம் வேண்டும். காலில் இருக்கிற ஷூவைக் கழற்றி மேசை மேல் வைக்கச் சொல்வேன். ஷூ வரையத் தெரியாது என்பார்கள். ஷூவை வரைய வேண்டாம், லேஸ் எந்த ஓட்டைக்குள் போகிறது, எந்த ஓட்டையில் வெளியே வருகிறது, அதை மட்டும் பார்த்துக் கோடு போடு என்பேன். சாதாரணமாக வாய் மூடாத ஒரு வகுப்பு அந்த நேரத்தில் மூச்சு விடுவது கேட்கும். எந்த ஷூ யாருடையது என்று கண்டுபிடிக்கிற அளவுக்கு இருக்கும் படங்கள், தேய்ந்த குதிகால் உட்பட.

கம்ப்யூட்டர் லேபுக்கு வருவோம். குழந்தைகளுக்குக் கம்ப்யூட்டர் என்ற யோசனை நேற்று வந்ததல்ல. சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபொயர்சைக் ஆகியோர் 1967-லேயே குழந்தைகளுக்காக 'லோகோ' என்ற நிரல்மொழியை உருவாக்கினார்கள். கொஞ்ச நாளில் அதற்கு ஓர் ஆமையும் வந்து சேர்ந்தது. பேனாவை இழுத்துக்கொண்டு தரையில் ஊர்ந்து கோடு போடுகிற ஒரு குட்டி இயந்திரம், பிற்பாடு அதுவே திரைக்குள் போய்விட்டது. முன்னே 100 போ, வலப்பக்கம் 90 திரும்பு. நாலு தடவை சொன்னால் சதுரம் வந்துவிடும்.

முக்கோணம் போடச் சொன்னால் என்ன நடக்கும் என்று நீங்களே முயன்று பாருங்கள். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 என்று மூத்த பிள்ளைகளுக்குத் தெரியும். முன்னே 100, திரும்பு 60, மூன்று தடவை. ஆமை பாதி வட்டம் போட்ட மாதிரி எங்கேயோ போய் நிற்கும், முக்கோணம் மூடியிருக்காது. "கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு" என்பதுதான் முதல் தீர்ப்பு. அப்போது ஒரு பிள்ளையை எழுப்பித் தரையில் நடக்க விட வேண்டும். மூலைக்கு வந்ததும் எவ்வளவு திரும்புகிறாய்? உள்ளே இருக்கிற கோணம் 60, ஆனால் திரும்புகிறவன் திரும்புவது வெளியே, 120. நடந்து பார்த்தவனுக்கு அது காலிலேயே தெரிந்துவிடும். ஒரு சிறுமி தன் தப்பான 60-ஐயே விடாமல் இன்னும் மூன்று தடவை போட்டு, கடைசியில் அறுகோணம் மூடிக்கொண்டதும், "எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு, முக்கோணம் வேண்டாம்" என்றாள். நானும் வற்புறுத்தவில்லை.

இன்று லோகோவின் இடத்தில் ஸ்க்ராட்ச் இருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து மீடியா லேபிலிருந்து 2007-இல் வந்தது. நிரலை எழுத வேண்டாம், வண்ண வண்ணக் கட்டைகளை இழுத்துப் பூட்டினால் போதும். ஐந்திலிருந்து ஏழு வயதுப் பிள்ளைகளுக்காக 2014-இல் ஸ்க்ராட்ச் ஜூனியர் வந்தது. நல்ல கருவிகள், இலவசம் வேறு. ஆனால் வகுப்பில் என்ன நடக்கிறது? புரொஜெக்டரில் ஆசிரியர் ஒரு நீலக் கட்டையை இழுப்பார். "எல்லாரும் இழுத்தாச்சா?" இழுத்தாச்சு. அடுத்த கட்டை. பீரியட் முடியும்போது முப்பது திரையிலும் ஒரே பூனை ஒரே பத்து அடி நடந்து ஒரே 'ஹலோ' சொல்லும். வராந்தா போர்டில் பட்டாம்பூச்சி, இங்கே பூனை. கருவி புதுசு, வகுப்பு பழசு.

இந்த விஷயத்தில் எதிர்த்தரப்பும் எனக்குப் புரிகிறது. முப்பது பேர் முப்பது விதமாக ஏதாவது செய்தால் முப்பது விதமாகக் கெடும், ஒரே ஆள் எத்தனை திரைக்குத்தான் ஓடுவார்? நான் செய்வது இது: முதல் சில கட்டைகளைச் சேர்ந்து போடுவோம், அதன் பிறகு ஒரே ஒரு விதியை மட்டும் சொல்வேன், உன் பூனை பக்கத்துப் பூனை செய்யாத ஒன்றைச் செய்ய வேண்டும். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர் என்றால் மவுஸ் யார் கையில் என்பதையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மவுஸ் வைத்திருக்கிறவன் கற்கிறான், பக்கத்தில் இருக்கிறவன் படம் பார்க்கிறான். அதனால் யோசனை சொல்கிறவர் மவுஸைத் தொடக் கூடாது, மவுஸ் வைத்திருப்பவர் யோசனை சொல்லக் கூடாது, மணி அடித்ததும் மாறிக்கொள்ள வேண்டும். சண்டை வரும். வரட்டும், அந்தச் சண்டையே பெரும்பாலும் நிரலைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

லேபே இல்லாத பள்ளிகளுக்கும் வழி உண்டு. நியூசிலாந்தைச் சேர்ந்த டிம் பெல்லும் அவருடைய கூட்டாளிகளும் 1990-களிலேயே கம்ப்யூட்டரைத் தொடாமல் கணினி அறிவியல் சொல்லித்தரும் விளையாட்டுகளைத் தொகுத்தார்கள். தரையில் சாக்பீஸால் வட்டங்களும் அவற்றை இணைக்கும் கோடுகளுமாக ஒரு வலை வரைய வேண்டும். ஆறு பேர், ஆளுக்கொரு எண் எழுதின அட்டை. ஒவ்வொரு வட்டத்திலும் இரண்டு பேர் சந்திப்பார்கள், சின்ன எண் இடப்பக்கக் கோட்டில் போகும், பெரியது வலப்பக்கம். கடைசி வட்டம் தாண்டி வெளியே வரும்போது ஆறு பேரும் வரிசையாக நிற்பார்கள். எப்படி வரிசை ஆனது என்று யாருக்கும் புரியாது. உடனே பெயர்களை வைத்துச் செய்யலாமா, பின்பக்கமாக நடந்தால் என்ன ஆகும் என்று கேட்க ஆரம்பிப்பார்கள்.

அடுத்தது பரிசு. இதைப் பற்றி எழுதினால் எப்போதும் திட்டு விழும், பரவாயில்லை. ஓவியப் போட்டி, முதல் பரிசு, சான்றிதழ், மேடை. 1973-இல் மார்க் லெப்பர் என்ற உளவியலாளரும் இரண்டு சகாக்களும் செய்த ஆய்வு ஒன்று உண்டு. மூன்றிலிருந்து ஐந்து வயது, ஸ்கெட்ச் பேனா என்றால் தானாகவே ஓடிவந்து வரைகிற பிள்ளைகள். ஒரு பகுதியினரிடம் 'வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் உண்டு' என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பகுதிக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாவது பகுதிக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரம் கழித்து ஸ்கெட்ச் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தபோது, பரிசுக்காக வரைந்தவர்கள் மற்றவர்களில் ஏறக்குறைய பாதி நேரம்தான் அதைத் தொட்டார்கள். பரிசுக்காக வரைந்த படங்களின் தரமும் குறைவு. எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பேரம் பேசினால்தான் கெடுகிறது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

ஆண்டு விழாவும் இந்த வகைதான். கண்காட்சி நாளுக்கு முந்தின நாள் மாலை வகுப்பறைக்குள் போனால், பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள், பெரியவர்கள் உட்கார்ந்து பிள்ளைகளின் படங்களுக்குப் பார்டர் போட்டுக்கொண்டிருப்பார்கள். சிலர் மூக்கையும் சரி செய்துவிடுவார்கள். மறுநாள் தன் படத்தின் முன்னால் நிற்கிற பிள்ளை, அம்மா "நீயா வரைஞ்சே?" என்று கேட்டால், கொஞ்சம் யோசித்துத்தான் தலையை ஆட்டும்.

இதையெல்லாம் வெளியே தனி வகுப்பில் சேர்த்துக் கற்கலாமே, பள்ளி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சேர்க்கலாம், பணமும் கொண்டுபோய் விடுவதற்கு ஆளும் இருந்தால். இரண்டும் உள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பியானோவும் ரோபோவும் எப்படியும் கிடைத்துவிடும். இல்லாத பிள்ளைக்குக் களிமண்ணைத் தொடுகிற ஒரே இடம் பள்ளிதான். கணக்கில் பின்தங்குகிற பிள்ளையைத் தனியாகக் கவனிக்க நேரம் தேடும்போது முதலில் வெட்டுவதும் இந்த வகுப்பைத்தான் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். தான் ஓரளவு நன்றாகச் செய்கிற ஒரே இடத்திலிருந்து எழுப்பி, தனக்கு வராததைச் செய்ய அனுப்புகிறோம். அவனுக்குக் கணக்குப் பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு இந்த நேரம்தானா கிடைத்தது?

நேரம் என்றதும் ஒரு நடைமுறைச் சேதி. நாற்பது நிமிட பீரியடில் வரிசையாக வந்து உட்கார்ந்து, பேப்பரும் கலரும் விநியோகித்து, கடைசியில் பிரஷ் கழுவி, மேசை துடைத்து முடிக்கவே பதினைந்து நிமிடம் போய்விடும். மிச்சம் இருபத்தைந்து நிமிடத்தில் ஒரு குழந்தை தீர்மானித்து, கெடுத்து, திரும்பச் செய்ய வேண்டும். முடியாது. அதனால்தான் ஆசிரியர்களும் வெட்டி வைத்த றெக்கைக்குப் போகிறார்கள், அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. வாரம் ஒரு முறை நாற்பது நிமிடத்தைவிட, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தொடர்ந்து எண்பது நிமிடம் எவ்வளவோ மேல். மொத்த நேரம் அதேதான், ஒரு நயா நிமிடம்கூட யாரும் கூடுதலாகத் தர வேண்டியதில்லை.

இன்னொன்று அலமாரி. எல்லாப் பள்ளியிலும் காட்சிக்கு வைக்கப் போர்டு இருக்கும், முடியாத வேலையை வைக்க இடம் இருக்காது. அதனால் எல்லாமே மணி அடிப்பதற்குள் முடிந்தாக வேண்டும், முடியாதது குப்பைக்குப் போகும். பாதியில் நிற்கும் யானையை ஈரத்துணி சுற்றி வைக்க நாலு தட்டு போதும். எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதுவரைக்கும் மேசைக்கு அடியில் அட்டைப் பெட்டிகள்தான், ஒவ்வொன்றின் மேலும் பெயரும், "தொடாதீங்க, இன்னும் முடியல" என்ற வாசகமும், அவரவர் எழுத்துப் பிழையோடு.